அத்தியாயம் 7: டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரி

இதயத்தின் பம்பிங் குறைந்து பெரிய ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்தவரின் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள். மேலே நோயின் பெயர், எக்கோ முடிவு, நடுவில் மாத்திரைகள். எல்லாவற்றுக்கும் கீழே அவசரமாக இழுத்து எழுதிய ஒரு வரி இருக்கும்: ஒரு வாரம் கழித்து எலக்ட்ரோலைட்ஸ், கிரியேட்டினின் பார்த்துக்கொண்டு வரவும். மாத்திரையை வாங்கிவிடுகிறோம். கால் வீக்கம் வடிந்து, மூச்சு வாங்காமல் மல்லாந்து படுக்க முடிந்ததும் அந்த வரியை மறந்துவிடுகிறோம். இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்திலிருந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றுவிட்டால் அரை நாள் அங்கேயே போய்விடும். கத்திவாக்கத்தில் மின்சார ரயில் ஏறினாலும் கொருக்குப்பேட்டையில் இறங்கி ஆட்டோ தேட வேண்டும். வலைக்குப் போகிறவருக்கும் துறைமுகத்தில் கூலிக்குப் போகிறவருக்கும் ஒரு நாள் ஓ.பி. என்றால் ஒரு நாள் வருமானம் போச்சு. அதனால், "நல்லாத்தான கீறேன், எதுக்கு திரும்ப ரத்தம் குடுக்கணும்?" என்று கேட்பவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் 'நல்லாயிருக்கேன்' என்பதற்கு மதிப்பே இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அந்த வரியில் கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு; எலக்ட்ரோலைட்ஸில் நமக்கு முக்கியமானது பொட்டாசியம். உடம்பில் உள்ள பொட்டாசியத்தில் நூற்றுக்கு 98 பங்கு செல்களுக்குள்ளேயே இருக்கிறது. ரத்தத்தில் ஓடுவது மிச்சமுள்ள சொற்பம்தான். ஆனால் இதயத் தசை ஒவ்வொரு தடவையும் சுருங்கி விரிவதற்கான மின்துடிப்பு, உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள அந்த வித்தியாசத்தை நம்பித்தான் நடக்கிறது. லேப் சீட்டில் சாதாரண அளவாக லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரை என்று போட்டிருப்பார்கள். சில லேப்கள் 5.1 அல்லது 5.3 வரைக்கும் போடும். அலகை மில்லி ஈக்விவலென்ட் என்று எழுதினாலும் எண் மாறாது. பம்பிங் குறைந்தவருக்கு 4-க்கும் 5-க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. 5.5-ஐத் தாண்டினால் மருந்தின் அளவை டாக்டர் மாற்றியாக வேண்டும். 6-ஐத் தாண்டினால் நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. கீழ்ப்பக்கமும் அப்படித்தான்: 3.5-க்குக் கீழே கவனம், 3-க்குக் கீழே ஆபத்து.

சர்க்கரை ஏறினால் தாகம் எடுக்கும். பிரஷர் ஏறினால் சிலருக்குத் தலை கனக்கும். பொட்டாசியம் ஏறும்போது பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. கால் துவண்டு, மாடிப்படியில் முட்டி மடங்கி, நாடி மெதுவாகி, கண் இருட்டிக்கொண்டு வரும் நேரத்தில் விஷயம் எல்லை தாண்டியிருக்கும். சிலருக்கு அந்த எச்சரிக்கைகூட வராமல் துடிப்பு தாறுமாறாகிவிடும். உடம்பு சொல்லாததை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

காப்பாற்றும் மாத்திரைதான் ஏற்றுகிறது

இதயம் சரியாகப் பம்ப் செய்யாதபோது, உடம்பில் ரத்தம் குறைந்துவிட்டது என்று சிறுநீரகம் தப்புக்கணக்குப் போடுகிறது. அதன் விளைவாக ஆல்டோஸ்டெரோன் என்ற ஹார்மோன் கூடுகிறது. அது உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை மூத்திரத்தில் வெளியே தள்ளும். வீக்கமும் மூச்சுத்திணறலும் இதனால் கூடும். இதயத் தசையில் தழும்பும் விழும். இந்த வரிசையை எங்காவது ஒரு இடத்தில் அறுப்பதுதான் இன்றைய மருந்துகளின் வேலை. எனாலாப்ரில், ராமிப்ரில் ஒரு குடும்பம். லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் இன்னொன்று. வால்சார்ட்டானோடு சக்குபிட்ரில் சேர்ந்த மாத்திரை மூன்றாவது. ஸ்பைரோனோலாக்டோன், எப்ளெரினோன் இரண்டும் ஆல்டோஸ்டெரோனை நேரடியாகத் தடுப்பவை. ஹார்மோன் அடங்கும்போது வெளியே போக வேண்டிய பொட்டாசியமும் உள்ளேயே தங்கும். மருந்து தன் வேலையைச் செய்வதால் வரும் பக்கவிளைவு இது. பொட்டாசியம் ஏறியதென்று யாராவது சொன்னால், தப்பு மருந்து கொடுத்துவிட்டார்கள் என்று டாக்டர் மேல் பாய வேண்டியதில்லை.

மிச்சமுள்ளவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மெட்டோப்ரோலால், கார்வெடிலால், பிசோப்ரோலால் போன்றவற்றால் பொட்டாசியத்தில் பெரிய மாற்றம் வராது. டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் இரண்டும் பொட்டாசியம் மிகையாவதைக் கொஞ்சம் தடுக்கவே செய்கின்றன. டாபாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் 2020-இல் முடிந்த பிறகு விலையும் நன்றாக இறங்கியிருக்கிறது. லேசிக்ஸ், டைட்டர் என்று நாம் சொல்லும் நீர் மாத்திரைகள் எதிர்த்திசையில் இழுக்கும்: நீரோடு பொட்டாசியத்தையும் வெளியே கொண்டுபோகும்.

ஸ்பைரோனோலாக்டோனுக்கு ஒரு கதை உண்டு. இந்த நூலில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள 1,663 பேரை வைத்து நடந்த ஆய்வு 1999-இல் வெளிவந்தது. தினம் 25 மில்லிகிராம் ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிட்டவர்களிடம் மரணம் 30 சதவீதம் குறைந்திருந்தது. பழைய, மலிவான மாத்திரை ஒன்று இவ்வளவு செய்யும் என்று தெரிந்ததும் உலகெங்கும் டாக்டர்கள் எழுத ஆரம்பித்தார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இதயச் செயலிழப்பு உள்ள முதியவர்களைக் கணக்கெடுத்துப் பார்த்தபோது, பொட்டாசியம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 1994-இல் ஆயிரத்துக்கு 2.4 பேர், 2001-இல் 11 பேர். ஆய்வில் 5-க்கு மேல் பொட்டாசியம் இருந்தவர்களையும் கிரியேட்டினின் 2.5-ஐத் தாண்டியவர்களையும் சேர்க்கவே இல்லை. சேர்த்தவர்களுக்கும் முறைவைத்து ரத்தம் பார்த்தார்கள். வெளியே மாத்திரை மட்டும்தான் பரவியது, அந்த முறை கூடவே போகவில்லை. பிறகு ஸ்காட்லாந்தின் டேசைட் பகுதியில் இதே கேள்வியோடு பார்த்தார்கள். அங்கேயும் ஸ்பைரோனோலாக்டோன் எழுதுவது மளமளவென்று கூடியிருந்தது, ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்வது கூடவில்லை. ரத்தப் பரிசோதனையும் கூடவே அதிகமாகியிருந்ததுதான் காரணம் என்று 2010-இல் எழுதினார்கள்.

நம் பக்கம் ஆபத்து இரண்டு வகையில் இருக்கிறது. பார்க்காமல் கொடுப்பது ஒன்று. பயந்துபோய் நிறுத்திவிடுவது இன்னொன்று. 2013-இல் திருவனந்தபுரத்தில் 1,205 நோயாளிகளைப் பதிவு செய்து நடந்த ஆய்வில் சராசரி வயது 61. மேலைநாட்டுக் கணக்குகளைவிட ஏறக்குறைய பத்து வருடம் இளையவர்கள். தேவையான மருந்து முழுவதும் கையில் கிடைத்து வீடு திரும்பியவர்கள் நான்கில் ஒருவர்தான். 61 வயது என்றால் இன்னும் குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போடுகிற வயது. அவருடைய மாத்திரையைப் பொட்டாசியம் 5.3 என்ற ஒரு சீட்டைக் காட்டி நிரந்தரமாக நிறுத்துவது எனக்கு ஒப்புதல் இல்லாத காரியம். ஏறியதற்கு வேறு காரணம் வீட்டுக்குள்ளேயே கிடக்கும். முதலில் அதைத் தேட வேண்டும்.

பையைக் கொட்டுங்கள்

தேடலை மாத்திரைப் பையிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலான வீடுகளில் அது ஒரு மஞ்சப்பை, இல்லையென்றால் ஜவுளிக்கடைக் கவர். அதைப் பாயில் அப்படியே கொட்டுங்கள். அரசு மருந்தகத்தில் கத்தரித்துக் கொடுத்த பட்டைகள், காலைக்கு ஒன்று ராத்திரிக்கு ஒன்று என்று கோடு போட்ட காகிதக் கவர்கள், போன வருஷத்து மாத்திரை, செத்துப்போன பெரியவருடைய மாத்திரை, எல்லாம் விழும். பட்டையைக் கத்தரிக்கும்போது பெயர் உள்ள பாதி ஒரு பக்கமும் பெயர் இல்லாத பாதி இன்னொரு பக்கமும் போயிருக்கும். பெயர் தெரியாத பட்டையைத் தனியாக வையுங்கள். அதை யாரும் சாப்பிட வேண்டாம்.

இப்போது ஒரே வேலையைச் செய்யும் இரண்டு மாத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதிகம் மாட்டுவது 'பிளஸ்' என்று முடியும் நீர் மாத்திரை. டைட்டர் என்றால் டார்செமைடு மட்டும். டைட்டர் பிளஸ் என்றால் அதற்குள் ஸ்பைரோனோலாக்டோனும் இருக்கிறது. லேசிக்ஸ் வேறு, லேசிலாக்டோன் வேறு. லேசிலாக்டோனிலும் ஸ்பைரோனோலாக்டோன் உண்டு. ஒரு டாக்டர் ஆல்டாக்டோன் எழுதியிருப்பார். இன்னொரு இடத்தில் வீக்கத்துக்கு டைட்டர் பிளஸ் எழுதியிருப்பார்கள். ஆல்டாக்டோனும் ஸ்பைரோனோலாக்டோன்தான். 25 சாப்பிட வேண்டியவர் 75 சாப்பிட்டுக்கொண்டிருப்பார், எழுதிய இருவருக்கும் தெரியாது.

அடுத்தது வீடு தேடி வரும் மாத்திரை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாதாமாதம் மாத்திரை வாசலுக்கே வருகிறது. நல்ல திட்டம், கடற்கரைக் குப்பத்துப் பெரியவர்களுக்கு எத்தனையோ நடை மிச்சம். ஆனால் அதில் பிரஷருக்கு எனாலாப்ரில் வந்துகொண்டிருக்கும்போதே, இதய டாக்டர் சக்குபிட்ரில்-வால்சார்ட்டான் ஆரம்பித்திருக்கக்கூடும். இந்த இரண்டும் சேரவே கூடாது. பொட்டாசியம் ஏறுவது ஒருபுறம். முகமும் நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சடைக்கும் ஆபத்து அதைவிடப் பெரிது. எனாலாப்ரிலின் கடைசி வேளைக்குப் பிறகு 36 மணி நேரம் விட்டுத்தான் புதியதைத் தொடங்க வேண்டும். மாத்திரை கொண்டுவரும் சகோதரியிடம் புதுச் சீட்டைக் காட்டுங்கள். "எனாலாப்ரில் எனக்கு நிறுத்திட்டாங்கம்மா, நோட்டுல எழுதிக்கோ" என்று சொன்னால் போதும்.

மூன்றாவது, ஒரு பாட்டில். ஆஸ்பத்திரியில் ஊசி வழியாக நிறைய நீர் எடுத்தபோது பொட்டாசியம் இறங்கியிருக்கும்; அதற்காகப் பொட்டாசியம் குளோரைடு சிரப் கொடுத்திருப்பார்கள். 15 மில்லியில் 20 மில்லிமோல், அதாவது முக்கால் கிராமுக்கு மேல் பொட்டாசியம். சில நாளைக்கு என்று எழுதியதை, சத்து டானிக் என்று நினைத்து மாதக்கணக்கில் வாங்கிக் குடிக்கிற வீடுகள் உண்டு. உரக்கடையில் பொட்டாஷ் என்று மூட்டையில் விற்பதும் இதுவும் வேதியியல்படி ஒரே உப்புதான். ஸ்பைரோனோலாக்டோன் தொடங்கிய பிறகும் இந்த சிரப் ஓடிக்கொண்டிருந்தால், எத்தனை நாளைக்கு என்று அன்றைக்கே டாக்டரைக் கேளுங்கள்.

மெடிக்கலில் வாங்கும் செட்டு

என்னைக் கேட்டால் சமையலறையைவிட மெடிக்கல் ஷாப்பைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். படகு தள்ளுகிறவருக்கு இடுப்பு வலி. மூட்டை தூக்குகிறவருக்குத் தோள்பட்டை. மீன் கூடை சுமந்து நடக்கும் அம்மாவுக்கு முட்டி. "அண்ணே, ஒடம்பு வலிக்கு ஒரு செட்டு குடு" என்றால், பட்டையிலிருந்து பிரித்த நாலு மாத்திரை சின்னக் கவரில் வரும். பெயர் கிடையாது, சீட்டு கிடையாது. அதில் ஒன்று பெரும்பாலும் டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் வகையாகத்தான் இருக்கும்.

இந்த வகை வலி மாத்திரை சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தத்தைக் குறைக்கும். எனாலாப்ரில் வகையும் நீர் மாத்திரையும் ஏற்கெனவே சாப்பிடுகிறவருக்கு இது மூன்றாவது அடி. சிறுநீரகம் மந்தமாகும், உப்பும் நீரும் தேங்கும், பொட்டாசியம் ஏறும், வீக்கம் திரும்ப வரும். மாத்திரை மட்டுமில்லை, 'ஒரு ஊசி போட்டா சரியாயிடும்' என்று போட்டுக்கொள்வதும் இதே மருந்தாக இருக்கலாம். வலிக்குப் பாராசிட்டமால் கேளுங்கள், பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வெளியில் தடவும் மருந்து, வெந்நீர் ஒத்தடம் என்று மற்ற வழிகளும் இருக்கின்றன. பெயர் இல்லாத செட்டு, பம்பிங் குறைந்தவருக்கு வேண்டவே வேண்டாம்.

மூத்திரக்கடுப்புக்கோ சளிக்கோ செப்ட்ரான் என்ற மாத்திரை எழுதினால், ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுவதை உடனே சொல்லுங்கள். அதில் உள்ள ட்ரைமெத்தோப்ரிம் பொட்டாசியத்தை ஏற்றும். இந்தச் சேர்க்கையால் வயதானவர்கள் ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்ததைக் கனடாவில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். வேறு ஆன்டிபயாட்டிக் எத்தனையோ இருக்கின்றன.

சட்டையில்லாமல் வேலை செய்கிறவருக்கு ஒரு வார்த்தை

1999 ஆய்விலேயே ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிட்ட ஆண்களில் பத்தில் ஒருவருக்கு மார்பு வீங்கியது அல்லது வலித்தது. வெற்றுடம்போடு வலை இழுக்கிறவருக்கு இது எவ்வளவு கூச்சம் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டிலும் சொல்லாமல், டாக்டரிடமும் சொல்லாமல், மாத்திரையை மட்டும் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார்கள். சொன்னால் எப்ளெரினோனுக்கு மாற்றித் தருவார்கள். அதில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. பொட்டாசியம் பார்ப்பது மட்டும் அதற்கும் அதே முறைதான்.

அடுப்படியில்

மீனை நிறுத்த வேண்டியதில்லை. பொட்டாசியம் சரியான அளவில் இருக்கிறவர் வாழைப்பழத்தையும் கீரையையும் கண்டு ஓடவும் வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் சாதாரண ஆளுக்கு ஒரு நாளைக்கு 3,500 மில்லிகிராம் பொட்டாசியம் வேண்டும் என்கிறது. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 400. எண்ணைப் பார்க்காமலே எல்லாக் காய்கறியையும் விலக்கிவிட்டுச் சோறும் ஊறுகாயுமாகச் சாப்பிடுகிறவர் உப்பை ஏற்றிக்கொண்டு வீங்குகிறார்.

கவலைப்பட வேண்டியது மொத்தமாக, ஒரே நேரத்தில் உள்ளே போவதற்குத்தான். சித்திரை வெயிலில் இளநீர் இரண்டு மூன்று: ஒரு பெரிய தம்ளரிலேயே 500 மில்லிகிராமுக்கு மேல். கல் கரைய வாழைத்தண்டுச் சாறு தினமும் வெறும் வயிற்றில். ஜூஸ் கடை மாதுளை, ஆரஞ்சு. 5-ஐத் தாண்டியவருக்கு இவை வேண்டாம். உருளை, சேனை, கீரை ஆகியவற்றை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியத்தில் ஒரு பகுதி போய்விடும். ரசத்துக்கு என்று அந்தத் தண்ணீரை எடுத்து வைக்கும் சிக்கனம் இங்கே ஆகாது.

உப்பைக் குறைக்கச் சொன்னதும் அக்கறையுள்ள பிள்ளைகள் சூப்பர் மார்க்கெட்டில் சோடியம் குறைந்த உப்பு வாங்கிவருகிறார்கள். அதில் சோடியத்தை எடுத்துவிட்டுப் போடுவது பொட்டாசியம் குளோரைடைத்தான். பொட்டாசியம் குளோரைடின் எடையில் பாதிக்குமேல் பொட்டாசியம். சாதாரண ஆட்களுக்கு அது நல்லது என்று உலக சுகாதார நிறுவனமே 2025 ஜனவரியில் பரிந்துரைத்தது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், பொட்டாசியம் வெளியேறுவதில் சிக்கல் உள்ளவர்களுக்கும் அந்தப் பரிந்துரை பொருந்தாது என்பதையும் அங்கேயே சொல்லியிருக்கிறது. இந்த அத்தியாயத்து மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர் அந்த இரண்டாவது வகை. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். சாதாரண உப்பையே குறைவாகப் போடுங்கள்.

இறங்கும் பக்கம்

கருவாட்டுக் குழம்பு இரண்டு நாள் தொடர்ந்து வைத்தால் கால் வீங்கும். வீங்கியதும் ஒரு நீர் மாத்திரை இரண்டாகும். அடுத்த வாரம் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், நெஞ்சு படபடக்கும். உப்பிலிருந்து நீர் மாத்திரைக்கும், அங்கிருந்து குறைந்த பொட்டாசியத்துக்கும் வண்டி இப்படித்தான் போய்ச் சேர்கிறது. கருவாட்டை விடவே முடியாது என்பவர் வெந்நீரில் இரண்டு மூன்று தடவை ஊறவைத்துக் கொட்டிவிட்டு, குழம்புக்குத் தனியாக உப்புப் போடாமல், எப்போதாவது வைத்துக்கொள்ளட்டும். தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் நீங்களாக மாத்திரையைக் கூட்டாமல் டாக்டரைக் கேளுங்கள்.

டிகாக்சின் என்ற இதய மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் குறைந்த பொட்டாசியம் இரட்டை ஆபத்து: மருந்தின் அளவு மாறாமலே அது நஞ்சாகும். சாப்பாடு பிடிக்காமல் போவது, குமட்டல், பார்வையில் மஞ்சள் படர்வது, நாடி மெதுவாவது ஆகியவை அதன் அடையாளங்கள். இழுப்புக்குப் போடும் சால்புட்டமால் நெபுலைசரும் பொட்டாசியத்தை இறக்கும். புகையும் தூசும் தின்று வாழும் நம் பகுதியில் இதயமும் நுரையீரலும் சேர்ந்து கெட்டவர்கள் உண்டு என்பதால் இதையும் சொல்லி வைக்கிறேன்.

ரத்தம் கொடுக்கும் நாள்

ஸ்பைரோனோலாக்டோன் தொடங்கினாலும் அளவைக் கூட்டினாலும் ஒரு வாரத்தில் ஒருமுறை, நான்கு வாரத்தில் ஒருமுறை. பிறகு இரண்டாம், மூன்றாம் மாத முடிவில். எல்லாம் நிலையாக இருந்தால் அதன்பின் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை. எனாலாப்ரில், சார்ட்டான் வகைகளுக்கும் தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்தில் பார்க்க வேண்டும். சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ சேர்ந்திருந்தால் இடைவெளியை டாக்டர் இன்னும் குறைப்பார். 'சீரம் எலக்ட்ரோலைட்ஸ், யூரியா, கிரியேட்டினின்' என்று கேட்டால் போதும். வெறும் வயிறு தேவையில்லை. ஆகவே சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கப் போகும் நாளிலேயே இதையும் முடித்துக்கொள்ளலாம், இன்னொரு நடை மிச்சம்.

ஊசி குத்தும்போது கையை இறுக்கி இறுக்கித் திறக்காதீர்கள். பட்டையை நெடுநேரம் கட்டி வைத்தாலும், ரத்த அணுக்கள் உடைந்தாலும், குழாய் பல மணி நேரம் பிரிக்கப்படாமல் கிடந்தாலும், செல்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்து எண் பொய்யாக ஏறும். குப்பத்துப் பக்கத்துக் கலெக்‌ஷன் சென்டரில் காலையில் எடுத்த ரத்தம் பைக்கில் சுற்றி மாலையில்தான் மெயின் லேபுக்குப் போகிறது என்றால், அந்த எண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். உடம்பில் மாற்றமில்லை, மருந்தில் மாற்றமில்லை, திடீரென்று 6.2 என்று வந்தால், லேப் தவறு என்று தள்ளிவிடவும் கூடாது, மாத்திரையைத் தூக்கி எறியவும் கூடாது. அன்றே பெரிய ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்து, ரத்தத்தை மறுபடி பார்க்க வேண்டும்.

வாந்தி, பேதி, ஓட்டம்

வாந்தியோ பேதியோ வந்து சாப்பாடு இறங்காத நாளில், அல்லது வெயிலில் வேலை செய்து மூத்திரமே குறைந்துவிட்ட நாளில், சிறுநீரகத்துக்கு நீர் பற்றாது. அன்றைக்கும் வழக்கம்போல எல்லா மாத்திரையும் போட்டால் பொட்டாசியமும் கிரியேட்டினினும் ஒன்றாக ஏறும். நீர் மாத்திரை, எனாலாப்ரில் அல்லது சார்ட்டான் வகை, ஸ்பைரோனோலாக்டோன், டாபாக்ளிஃப்ளோசின் ஆகியவற்றை அந்த ஓரிரு நாள் நிறுத்திவைக்கச் சொல்வது வழக்கம். சாப்பிட்டுக் குடிக்கத் தொடங்கி 24 முதல் 48 மணி நேரத்தில் மறுபடி தொடங்குவார்கள். உங்களுக்கு எது எது என்பதை நல்லாயிருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு நோட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். பேதியோடு கிடக்கும்போது ஆளைத் தேட முடியாது.

இந்தக் கடற்கரைக்கு மட்டுமே ஆன ஒன்று. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தது 2023 டிசம்பரில். அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிந்து, தூக்கத்திலிருந்து எழுந்தவர்கள் கட்டிய துணியோடு ஓடினார்கள். ஆதார், ரேஷன் கார்டு வைத்திருக்கும் பையிலேயே ஒரு வார மாத்திரையும் சீட்டின் நகலும் இருக்கட்டும். ஓரிரு வேளை தவறிவிட்டால் சேர்த்துவைத்து இரண்டாகப் போட வேண்டாம், அடுத்த வேளையிலிருந்து தொடருங்கள். தொழில் இல்லாத வாரங்களில் காசு மிச்சம் பிடிக்க மாத்திரையைப் பாதியாக உடைப்பதும், தொழில் திரும்பியதும் முழுசாகப் போடுவதும் பொட்டாசியத்தை ஏற்றி இறக்கும். கட்டுப்படி ஆகவில்லை என்றால் முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ விலை கேளுங்கள், அரசு மருந்தகத்தில் இலவசமாக எது இருக்கிறதென்று டாக்டரிடமே கேட்டு மாற்றி எழுதி வாங்குங்கள்.

ஏறிவிட்டால்

கால் துவண்டு, நாடி மெதுவாகி, மயக்கம் வந்தால் 108-ஐ அழையுங்கள். ஆட்டோவில் வைத்து மூன்று கிளினிக் சுற்றாதீர்கள். ஆஸ்பத்திரியில் முதலில் ஈ.சி.ஜி. எடுப்பார்கள். துடிப்பு கெடாமலிருக்க நரம்பில் கால்சியம் குளுக்கோனேட் போடுவார்கள். குளுக்கோஸோடு இன்சுலின் கொடுத்துப் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளுவார்கள். சர்க்கரை நோயே இல்லாதவருக்கு இன்சுலின் எதற்கென்று பதற வேண்டாம், காரணம் இதுதான். நெபுலைசர் வைப்பதும் அதற்கே. சிறுநீரகம் கைவிட்டால் டயாலிசிஸ். நிலைமை அவ்வளவு மோசமில்லை என்றால் தண்ணீரில் கலக்கும் பவுடர் சாஷே எழுதுவார்கள். அது குடலிலேயே பொட்டாசியத்தைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றும். மலச்சிக்கல் வரும், வந்தால் சொல்லுங்கள், சகித்துக்கொண்டு இருக்காதீர்கள்.

இந்த வேளையில் ஸ்பைரோனோலாக்டோனையும் எனாலாப்ரிலையும் நிறுத்தியிருப்பார்கள். அது சரியான முடிவுதான். தவறு அதற்குப் பிறகு நடக்கிறது. பொட்டாசியம் 4.6-க்கு இறங்கி வீட்டுக்கு வந்ததும், நிறுத்தியது நிறுத்தியபடியே ஆறு மாதம் போகும், இதயம் மறுபடி வீங்கும், மறுபடி அட்மிஷன். டிஸ்சார்ஜ் அன்று டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எதனால் ஏறியது? நிறுத்தியதில் எதை, எந்த அளவில் மறுபடி தொடங்க வேண்டும்? எந்தத் தேதியில் ரத்தம் பார்க்க வேண்டும்? பாதி அளவில், ஒருநாள் விட்டு ஒருநாள் என்றுகூடத் தொடங்கித் தருவார்கள். பதிலைச் சீட்டிலேயே, தேதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதும்வரை அந்த மேஜையை விட்டு நகராதீர்கள். பின்னால் வரிசை நீளமாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.